காசும் பிறப்பும்

வெண்பாவின் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் அமைதல் வேண்டும் என்பது யாப்பு நூலார் வகுத்த நெறி. வெண்பாப் பாடப் பழகும் இளங்கவிஞர் முதலில் நெட்டுருச் செய்யும் சொற்களும் இவையே. இவற்றுள் காசையும் பிறப்பையும் அடுத்தடுத்து நிறுத்திய பெரியோர் அசையமைதி ஒன்றையே கருதினர். எனினும் காசு என்னும் சொல்லின் பிறப்பை ஆராயப் புகுவார்க்கு அந்த அண்மை ஒரு நற்குறிப்பாகவே தோன்றும்.

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்று ‘கேஷ்’. கையில் உள்ள ரொக்கப் பணம் என்பது அதன் இன்றைய பொருள். வங்கி முகப்பிலும், கடையிலும், அலுவலகக் கணக்கிலும் அச்சொல் தமிழர் நாவிலும் புழங்குகின்றது. ‘தமிழ்க் காசே ஆங்கிலக் கேஷ் ஆயிற்று’ என்று மேடைகளில் முழங்குவதும், கேட்போர் கைதட்டி மகிழ்வதும் நெடுநாள் வழக்கம். இதற்கு எதிராக, ஆங்கிலேயர் கொணர்ந்த கேஷ்தான் தேய்ந்து காசு ஆயிற்று என எண்ணுவாரும் உளர். இரண்டாம் கூற்று முழுப்பிழை. முதற் கூற்றில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி எது என்று தெளிவதற்குள் மூன்று கண்டங்களையும் நான்கு கடல்களையும் சுற்றி வர வேண்டியிருக்கின்றது.

பெட்டியில் பிறந்த சொல்

பண்டை உரோமர் தம் நூற்சுருள்களை இட்டு வைக்க உருளை வடிவான மூடியுள்ள பெட்டிகளைப் பயன்படுத்தினர். அப்பெட்டிக்கு இலத்தீன் மொழியில் ‘காப்ஸா’ என்று பெயர். கொள்ளுதல், பற்றுதல் எனப் பொருள்படும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. கொள்வது எதுவோ அதுவே கொள்கலம் என்னும் எளிய கருத்து. இந்த ஒரு தாய்க்குப் பல மக்கள். மருந்தை அடக்கிய சிறு கூட்டினைக் குறிக்கும் ‘கேப்ஸ்யூல்’ அவற்றுள் ஒன்று. மூக்குக் கண்ணாடியை வைக்கும் ‘கேஸ்’ மற்றொன்று. பாட்டுப் பதிந்த நாடாவை அடக்கிய ‘கேசட்’ என்பதும் சிறு பெட்டி என்றே பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாகும்.

காப்ஸா இத்தாலியில் ‘காஸா’ ஆயிற்று; பிரான்சில் ‘கேஸ்’ ஆயிற்று; போர்ச்சுகலில் ‘கைஷா’ ஆயிற்று. நூல் வைத்த பெட்டி வணிகர் கைக்கு வந்தபொழுது பணம் வைக்கும் பெட்டியாயிற்று. இடைக்காலத்தின் இறுதியில் ஐரோப்பிய வணிகத்திற்கும் வட்டித் தொழிலுக்கும் வழிகாட்டியவர்கள் இத்தாலிய நகரத்தார். அவர்களுடைய தொழிற் சொற்கள் பிற நாடுகளுக்கும் பரவின. அவ்வழியே 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ‘கேஷ்’ ஆங்கிலத்தில் நுழைந்தது. 1598இல் இத்தாலிய–ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜான் ஃபுளோரியோ, இத்தாலியச் சொல்லுக்கு வணிகரின் பணப்பெட்டி என்னும் கருத்தில் ‘கேஷ்’ என்னும் சொல்லையே பொருளாகத் தந்துள்ளார். அந்நாளில் கேஷ் என்றால் பெட்டி. நம் வணிகர் கல்லாப்பெட்டி என்று சொல்வதற்கு நேரான சொல் அது.

பின்னர் நிகழ்ந்தது ஆகுபெயரின் விளையாட்டு. பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்திற்கு ஆயிற்று. இடத்தின் பெயர் இடத்திலுள்ள பொருளுக்கு ஆகி வருவதை நம் இலக்கணத்தார் இடவாகுபெயர் என்பர். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரார் சிரித்தனர் என்று கொள்வது போன்றதே இதுவும். சிறிது காலம் இரு பொருளும் ஒருங்கே வழங்கின. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்னும் பழம்பொருள் மறைந்து, பணம் என்னும் புதுப்பொருளே நிலைத்தது. பெட்டியை அடியோடு மறந்ததனால்தான் ஆங்கிலேயர் பிற்காலத்தில் ‘கேஷ் பாக்ஸ்’ என்று கூசாமல் கூறலாயினர். சொற்பிறப்பு நோக்கில் அது ‘பெட்டிப் பெட்டி’ என்பதாகும்.

ஒலி ஒன்று, குலம் வேறு

கேஷ் என்னும் ஒலியை நம்பி ஆங்கிலத்தில் உறவு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பணம் வாங்கித் தரும் அலுவலர் ‘கேஷியர்’. அவர் பெட்டிக்கு உரியவர். ஆகவே காப்ஸாவின் வழியினர். இங்கிலாந்து வங்கி 1694இல் நிறுவப்பெற்றது. அதன் தாள்களில் ஒப்பமிடும் பொறுப்புடையவர் அவ்வங்கியின் தலைமைக் கேஷியர் ஆவார். ஆனால் அதே எழுத்துகளால் அமைந்த ‘கேஷியர்’ என்னும் வினைச்சொல் ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு. இழிவுபடுத்திப் பதவியிலிருந்து நீக்குதல் என்பது அதன் பொருள். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் கேசியோ என்னும் படைத்துணைவன் பதவி இழந்ததைச் சுட்ட அவ்வினை ஆளப்பட்டுள்ளது. அதன் வேர் வெறுமை, பயனின்மை எனப் பொருள்படும் வேறோர் இலத்தீன் சொல். டச்சுப் போர்வீரர் வாயிலாக அது ஆங்கிலம் புகுந்தது. நிறைந்த பெட்டியைக் காப்பவனுக்கும் வெறுங்கையோடு அனுப்பப்படுபவனுக்கும் ஒரே ஒலி வாய்த்தது தற்செயலே.

இன்னும் உள. ஒளித்து வைத்த பொருளைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல், ஒலியால் வேறுபாடின்றி ஒலிப்பினும், மறைத்தல் என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. முந்திரியைக் குறிக்கும் ‘கேஷ்யூ’ பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழியில் பிறந்து போர்ச்சுகீசியர் வாயிலாகப் பரவியது. மெல்லிய ஆட்டு மயிராடையின் பெயர் காசுமீர நாட்டிலிருந்து எழுந்தது. கண்ணாடி வைக்கும் ‘கேஸ்’ பெட்டியைச் சேர்ந்தது. வழக்குமன்றத்தில் நடக்கும் ‘கேஸ்’ வீழ்தல், நேர்தல் என்னும் பொருளுடைய மற்றொரு வேரைச் சேர்ந்தது. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டால் முந்திரியும் வழக்கும் பதவிநீக்கமும் ஒரு குடும்பம் என்றாகிவிடும்.

தமிழ்க் காசின் தொன்மை

இனித் தமிழ்நிலத்துக் காசினைக் காணலாம். ஆங்கிலேயர் வருமுன் காசு இல்லை என்பார்க்குக் குறுந்தொகையின் 67ஆம் பாட்டு ஒன்றே போதிய விடையாகும். அள்ளூர் நன்முல்லையார் பாடிய அப்பாட்டில், கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம் பழத்திற்குப் பொன்னாலான காசு உவமையாக வருகின்றது. புதிய நூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்தின் நுனியில் பற்றிய காசு அது. கடைத்தெருவில் கொடுத்து வாங்கும் நாணயமாக அன்றி, அணியில் கோக்கும் உருண்டைப் பொன்மணியாகவே அங்குக் காசு காட்சி தருகின்றது. தமிழ்ப் பேரகராதி காசு என்பதற்கு மணி, மேகலை, பொற்காசு, செப்புக்காசு எனப் பல பொருள்களைத் தருகின்றது. காசுமாலை அணியும் மகளிர் இன்றும் அப்பழைய இரு பொருளையும் ஒருங்கே கழுத்தில் தாங்கி நிற்கின்றனர்.

குற்றம் என்னும் பொருளிலும் காசு வரும். சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியின் நலம் பாராட்டும் இடத்தில், குற்றமற்ற நறுமணப் பொருளாக அவளைக் கூறும்பொழுது இப்பொருள் பயின்று வருதல் காண்க. மணியும் காசு, மணியின் குற்றமும் காசு. ஒரே ஒலிக்குள் இரு வேறு சொற்கள் ஒளிந்திருத்தல் ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் போதரும்.

காசு நாணயமாக நடமாடியதற்குச் சமய வரலாறும் கல்வெட்டும் சான்று. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த காலத்தில் இறைவன் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினான் என்றும், சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடையில் வட்டம் பிடித்தனர் என்றும், அக்குறை நீங்க அவர் பதிகம் பாடினார் என்றும் பெரியபுராணம் கூறும். காசின் மதிப்பில் பிடிக்கும் அக்கழிவுக்கு ‘வாசி’ என்று பெயர். நாணயத்தை நிறுத்தும் உரைத்தும் பார்த்து வாங்கிய வணிக உலகம் ஒன்று அக்கதையின் பின்னால் நிற்கின்றது. சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்னும் பெயர் வருகின்றது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ஊர்ச்சபைகள் கோயிற் பண்டாரத்திலிருந்து காசு பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டிற்கு அரைக்கால் காசு வட்டியாகச் செலுத்தியதைக் குறிக்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்னும் கணக்கு அது.

மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளிலும் காசு உண்டு. சிங்களத்தில் ‘காசி’ உண்டு. பொன் வெள்ளி நிறுக்கும் எடையைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்னும் வடசொல்லோடு இதனை இணைப்பாரும், தென்மொழிகளுக்கே உரிய சொல் எனக் கொள்வாரும் அறிஞருள் இரு சாரார் உளர். எவ்வாறாயினும், ஆங்கிலம் என்னும் மொழி உருப்பெறுவதற்கு முன்பே காசு தமிழ்க் கவிதையில் உவமையாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

கடல் கடந்த காசு

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கரையிறங்கினார். 1510இல் கோவாவும் 1511இல் மலாக்காவும் போர்ச்சுகீசியர் வசமாயின. தென்னகத்துக் கடைத்தெருக்களில் சிறு நாணயத்தைச் சுட்டக் காசு என்னும் சொல்லை அவர்கள் கேட்டனர். அவர்தம் மொழியில் பெட்டிக்கும் பணப்பெட்டிக்கும் ‘கைஷா’ என்னும் பெயர் முன்னரே இருந்தது. கேட்ட புதுச்சொல்லைத் தெரிந்த பழஞ்சொல்லின் உருவில் எழுதினர். காசு, கைஷா ஆயிற்று. உரோமப் பெட்டியும் தமிழ் நாணயமும் முதன்முதலில் ஒன்றையொன்று தொட்ட இடம் போர்ச்சுகீசிய மாலுமியின் நா எனலாம்.

அம்மாலுமிகள் அச்சொல்லைக் கிழக்கே கொண்டு சென்றனர். சாவகத் தீவிலும் பிற கீழ்க்கடல் துறைகளிலும் சீனச் செப்புக்காசுகள் வழங்கின. வட்டமான காசின் நடுவே சதுரத் துளையிட்டு, கயிற்றில் கோத்து, நூறாகவும் ஆயிரமாகவும் எண்ணிக் கொடுப்பது அந்நாட்டு முறை. அவற்றையும் போர்ச்சுகீசியர் கைஷா என்றே அழைத்தனர். 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர் 1596இல் வெளியிட்ட பயண நூலில் சாவகத்தின் இந்தத் துளைக்காசுகளைப் பற்றி எழுதினார். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1598இல் வெளிவந்தது. ஃபுளோரியோவின் அகராதியும் அவ்வாண்டே வெளிவந்தது என்பதை மறத்தலாகாது. ஒரே ஆண்டில், ஒரே இலண்டன் நகரில், இத்தாலியப் பெட்டி ஒரு நூலிலும் தமிழ்க் காசு மற்றொரு நூலிலுமாக ஆங்கிலத்தின் வாயிலில் நின்றன.

1600இல் கிழக்கிந்தியக் கும்பினி தோன்றியது. அதன் முதற் கப்பல்கள் சாவகத்தின் பாந்தம் துறைக்குச் சென்றன. போர்ச்சுகீசியர் வழக்கைப் பின்பற்றி ஆங்கில வணிகரும் சீனச் செப்புக்காசை ‘கேஷ்’ என்றனர். சீனர் தம் மொழியில் அதனை வேறு பெயரால் அழைத்தனர். எனினும் சீனம், கொரியா, சப்பான், வியத்துநாம் ஆகிய நாடுகளின் துளைக்காசுகளை ஆங்கிலத்தில் எழுதும் நாணயவியலார் இன்றும் ‘கேஷ்’ என்றே குறிக்கின்றனர். சீனத்தின் பழங்காசுகள் பழைய தஞ்சை மாவட்டத்திலும் புதையல்களாகக் கிடைத்துள்ளன. சீனக் காசு தமிழகம் வந்தது. தமிழ்ப் பெயர் சீனக் காசைச் சென்று சேர்ந்தது. இவ்விரு பயணங்களுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் இருப்பினும் கடல் ஒன்றே.

ஒரு பேரேட்டில் இரு சொற்கள்

1640இல் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கிய கும்பினியார் சென்னையில் நாணயமும் அடிக்கலாயினர். தென்னாட்டு முறையைத் தழுவி, 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கிட்டனர். ஆங்கிலத்தில் காசு ‘கேஷ்’ ஆயிற்று. பணம் ‘ஃபனம்’ ஆயிற்று. வராகன் ‘பகோடா’ எனப்பட்டது. ஒரு வராகனுக்கு 3360 காசு. சென்னைக் கணக்கர் பேரேட்டின் கடைசிப் பத்தியில் எழுதிய ‘கேஷ்’ தமிழ்க் காசு. அதே ஏட்டில் கையிருப்புத் தொகைக்குத் தலைப்பாக எழுதிய ‘கேஷ்’ இத்தாலியப் பெட்டி. எழுத்தும் ஒலியும் ஒன்றாய் நின்றமையால், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனப் பின்னோர் மயங்கியதில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டன் நடத்திய நீராவி நாணயச் சாலையில் சென்னைக்கெனச் செப்புக்காசுகள் அடிக்கப்பெற்றன. 1803ஆம் ஆண்டிட்ட இருபது காசு நாணயத்தில் உரோம எண்ணால் இருபதும், ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், இருபது காசு நான்கு ஃபுலூசுக்கு ஈடு என்னும் பாரசீக வாசகமும் உள்ளன. தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்திலும் பாரசீக எழுத்திலும் உருமாறி, நீராவிப் பொறியின் வாயிலாகத் தமிழ்நாட்டிற்கே திரும்பி வந்தது. எல்லாம் திரும்பி வரவில்லை. 1808ஆம் ஆண்டிட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முத்துக்குளிப்பார் போல் கடலில் மூழ்கியோர் அவற்றை இலட்சக்கணக்கில் வெளிக்கொணர்ந்தனர். சென்னைக் கடைத்தெருவில் செலவாக வேண்டிய காசுகள் ஆங்கிலக் கடலடியில் ஏறத்தாழ 175 ஆண்டுகள் தங்கியிருந்தன.

1818இல் சென்னையில் வராகன் முறை ஒழிந்து ரூபாய் முறை வந்தது. கும்பினியின் கணக்கிலிருந்து காசு நீங்கியது. திருவிதாங்கூர் அரசு மட்டும் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்னும் கணக்கை விடாது போற்றி, 1949 வரை தன் நாணயங்களில் ‘கேஷ்’ என்று பொறித்து வந்தது.

அகராதி கூறும் முடிபு

சொற்களின் இக்கலப்பைப் பிரித்தறிய முயன்றோருள் குறிப்பிடத்தக்கவர்கள் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் ஆவர். பர்னல் தஞ்சையில் நீதிபதியாய் இருந்து, அரண்மனை நூலகத்துச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ என்னும் ஆங்கில–இந்தியச் சொற்களஞ்சியம், சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ் தமிழ்க் காசினின்றும் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என உரைத்து, கொங்கணி வடிவம் ஒன்றிலிருந்து வந்திருத்தலும் கூடும் என்பதையும் மறையாது கூறியது. ஆக்ஸ்போர்டு அகராதியோ கேஷ் என்பதனை இரு தனித் தலைப்புச் சொற்களாக நிறுத்தியது. ஒன்று பெட்டியில் பிறந்த பணம். மற்றொன்று காசில் பிறந்த நாணயம். இன்று உலகெங்கும் ரொக்கத்தைச் சுட்டுவது முன்னது. கிழக்குலகின் சிறு நாணயத்தைச் சுட்டுவது பின்னது. மேடைக் கூற்றின் பாதி உண்மை இப்பின்னதைச் சார்ந்ததே.

இது தெளிந்தவுடன் சிலருக்கு மனம் சோரலாம். உலகம் நாள்தோறும் உச்சரிக்கும் சொல் தமிழுக்கு உரியதன்று எனின் இழப்புப் போல் தோன்றலாம். ஆயின் எண்ணிப் பார்ப்பார்க்கு இழப்பு மறுபுறத்திலேயே உள்ளது. கேஷ் எல்லாம் காசே என்று சாதிப்பவர், குறுந்தொகைப் பொன்மணியையும், போர்ச்சுகீசியன் நாவில் நேர்ந்த மயக்கத்தையும், சாவகத் துறையில் கயிற்றில் கோத்த துளைக்காசையும், குட்வின் மணலில் புதைந்த செப்பையும் ஒருங்கே விட்டுவிடுகின்றார். ஓர் ஒலியொப்புமைக்காக ஒரு பெரும் பயணத்தையே கைவிடுவது ஊதியம் ஆகாது.

வேறோர் இடரும் உண்டு. கட்டுமரமும், சுருட்டும், அணைக்கட்டும், மிளகுத்தண்ணீரும் தமிழிலிருந்து ஆங்கிலம் சென்ற சொற்கள் என்பது ஐயமின்றி நிறுவப்பெற்றது. அவற்றோடு தேராத ஒன்றையும் கலந்து வைத்தால், உரைத்துப் பார்க்கத் தெரிந்த அயலான் அனைத்தையும் ஐயுறுவான். முடிச்சில் ஒரு செல்லாக்காசு அகப்பட்டால் முடிச்சு முழுவதற்கும் வாசி பிடிப்பது வணிக மரபன்றோ?

ஒலி ஒத்தல் எதுகைக்கு அழகு. அது கவிஞரின் உரிமை. சொல்லின் பிறப்பைக் கூறுமிடத்தில் அவ்வுரிமை செல்லாது. அங்கு ஆண்டும் ஏடும் துறையும் வழியும் சான்றாதல் வேண்டும். தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். காசு என்னும் சொல்லைப் பற்றிப் பேசுவோர் அந்த இரண்டாம் நாணயத்தையும் உடன் வைத்திருத்தல் கடன்.